பருந்தை முன்பு கண்டிராத குஞ்சு ஏன் பதுங்குகிறது?

கேள்வி (மன்னார்குடிப் பக்கத்து வாசகர்):
இன்குபேட்டரில் பொரித்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளை முதன்முறையாகக் கொல்லையில் திறந்துவிட்டோம். தாய்க்கோழியின் குரலையே கேட்டறியாத அவை, தலைக்கு மேலே ஒரு பருந்து தாழ்ந்து வந்ததும் வைக்கோல்போரின் அடியில் போய்ப் பதுங்கின. கற்றுக்கொடுக்க யாருமில்லாத இந்த அச்சம் மூளையில் எங்கே உருவாகிறது? சம்பா அறுவடை முடிந்த வயலிலும் பருந்தைக் கண்டு சில எலிகள் வளைக்கு ஓடுகின்றன; சில இருந்த இடத்திலேயே அசையாமல் உறைந்துவிடுகின்றன. ஒரே ஆபத்துக்கு இருவேறு நடத்தை ஏன்? பிறவியிலேயே வந்த அச்சத்தை மாற்றவும் முடியாதா?

பதில் (விலங்கியல் ஆசிரியர், கும்பகோணம்):
குஞ்சுகள் ‘இது பருந்து’ என்று அறிந்துதான் பதுங்கின என்று கொள்ள வேண்டியதில்லை. 1937-இல் விலங்கு நடத்தை ஆய்வாளர்களான லோரன்ஸும் டின்பெர்கனும், ஒரு பக்கமாக நகர்த்தினால் பருந்து போலவும் மறுபக்கமாக நகர்த்தினால் வாத்து போலவும் தோன்றும் அட்டை உருவங்களைப் பறவைகளுக்கு மேலே நகர்த்திப் பார்த்தனர். அதிலிருந்து பருந்தின் வடிவமே பிறவியில் பதிந்திருக்கிறது என்ற கருத்து பாடநூல்கள் வரை பரவியது. 1961-இல் ஷ்லைட் வான்கோழிகளைக் கொண்டு ஆராய்ந்து, வடிவத்தைவிட அந்த உருவம் எவ்வளவு அரிதாகத் தென்படுகிறது என்பதே அச்சத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். அடிக்கடி கண்ட உருவத்துக்குப் பறவைகள் பழகிவிடுகின்றன. பிறவியில் அமைந்திருப்பது இதைவிட எளிமையானது: விரைந்து பெரிதாகும் கரிய உருவம் ஆபத்து என்னும் கணிப்பு. வெட்டுக்கிளியிலும் இப்படி நெருங்கி வரும் உருவத்துக்கென்றே செயல்படும் பெரிய நரம்பணு உண்டு. பறவைகளிலும் பாலூட்டிகளிலும் இந்தக் கணிப்பில் நடுமூளையின் கூரைப் பகுதிக்கு முதன்மையான பங்கு இருக்கிறது.

பதில் (நரம்பியல் ஆய்வு மாணவர், தஞ்சாவூர்):
எலிகளைப் பற்றிய கேள்விக்குச் சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகள் நல்ல வெளிச்சம் தருகின்றன. 2013-இல் யில்மாஸும் மைஸ்டரும், கூண்டுக்கு மேலிருந்த திரையில் ஒரு கரிய வட்டத்தை விரிவடையச் செய்தபோது, சுண்டெலிகள் மறைவிடத்துக்கு ஓடின அல்லது உறைந்து நின்றன. அதே வட்டத்தைக் கீழிருந்து காட்டியபோது அந்த அச்சம் எழவில்லை. 2016-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தொலைவில் வட்டமிடும் பறவையைப் போல மெல்ல நகரும் சிறிய வட்டம் சுண்டெலிகளை உறையச் செய்தது. பாய்ந்து வருவதைப் போல விரியும் வட்டமோ ஓடச் செய்தது. உறைவதா, ஓடுவதா என்பதில் கண்ணுக்குத் தெரிவதன் தன்மைக்கே முதல் பங்கு.

அடுத்து வருவது மூளைச் சுற்று. கண்ணிலிருந்து செய்தி, ஆசிரியர் சொன்ன நடுமூளைக் கூரையில் உள்ள சுப்பீரியர் காலிகுலஸ் என்னும் பகுதிக்குச் சென்று, ஆபத்துக்கான சான்று அங்கே படிப்படியாகத் திரள்கிறது. அங்கிருந்து, நடுமூளையிலேயே தற்காப்பு நடத்தைகளைத் தூண்டும் பெரியாக்வடக்டல் கிரே என்னும் பகுதிக்குச் செல்லும் நரம்பிணைப்புகள் வலுக்குறைந்தவை என்பதால், சான்று போதிய அளவு ஓங்கினால்தான் அவற்றைக் கடந்து ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும். இதை 2018-இல் லண்டனில் பிராங்கோவின் குழுவினர் நிறுவினர். அவர்களுடைய முந்தைய ஆய்வில் தெரிந்த மற்றொன்றுதான் என்னை மிகவும் கவர்ந்தது: ஒதுங்குமிடத்துக்கு ஒருமுறை சென்று வந்தாலே சுண்டெலி அதன் இடத்தை நினைவில் கொண்டு நேராக அங்கே ஓடுகிறது, ஒதுங்க இடமே இல்லையென்றால் உறைந்துவிடுகிறது. வளையை அறிந்த எலியும் அறியாத எலியும் ஒரே வயலில் வெவ்வேறாக நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

மாற்ற முடியுமா என்றால், முடியும். 2025-இல் ஹோஃபரின் குழுவினர், சுண்டெலிகள் ஓடி ஒளிய முடியாதபடி தடுத்து, விரியும் வட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினர். தீங்கு எதுவும் வராததைக் கண்ட அவை, பிறகு ஓடுவதையே நிறுத்தின. அவ்வாறு கற்கும்போது மூளைப்புறணியின் பார்வைப் பகுதிகள் தேவைப்பட்டன. கற்ற பிறகு தேவைப்படவில்லை. அந்த நினைவு மூளையின் ஆழத்தில், அச்ச நடத்தையைத் தடுத்து அடக்கும் வென்ட்ரல் லேட்டரல் ஜெனிகுலேட் நியூக்ளியஸ் என்னும் பகுதியில் பதிந்திருந்தது.

பதில் (விவசாயி, திருத்துறைப்பூண்டி):
தம்பி சொன்ன ஆய்வுகளை மதிக்கிறேன். ஆனால் ஆய்வுக்கூடச் சுண்டெலியில் கண்டதை அப்படியே நம் வயல் எலிக்குப் பொருத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. 2025-இல் வந்த மற்றோர் ஆய்வில், அமெரிக்காவின் நெருங்கிய உறவுள்ள இரண்டு காட்டுச் சுண்டெலி இனங்களில், அடர்ந்த புல்வெளியில் வாழ்வது உடனே ஓடியது. திறந்தவெளியில் வாழ்வது முதலில் உறைந்து நின்றது. கண்ணிலோ சுப்பீரியர் காலிகுலசிலோ இல்லாத வேறுபாடு, பெரியாக்வடக்டல் கிரேயில்தான் இருந்தது. வாழுமிடத்துக்கேற்ப ஒரே சுற்று வேறுவேறாக அமைந்திருக்கும்போது, நம் எலிகளை நாம் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அச்சம் பழகிப் போகும் என்பதை மட்டும் வயலிலேயே காணலாம். நாற்றங்காலில் பறவைகளை விரட்டக் கட்டும் பொம்மையும் பளபளக்கும் நாடாவும் சில நாள்களில் பயனற்றுப்போவதை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறோம். இடத்தையும் வகையையும் மாற்றிக்கொண்டே இருந்தால்தான் அவற்றால் பயன் உண்டு.

மறுமொழி (கேள்வி கேட்டவர்):
மூவருக்கும் நன்றி. குஞ்சுகளுக்கு ஒதுங்குமிடத்தை முன்கூட்டியே காட்டிவைப்பது நல்லதென்று புரிகிறது. பஞ்சாரத்தைக் கொல்லையில் ஒரே இடத்தில் நிலையாக வைத்துவிடலாமா?

பதில் (விலங்கியல் ஆசிரியர், கும்பகோணம்):
வைக்கலாம். பஞ்சாரத்தின் ஒரு பக்கத்தைக் கல் வைத்துச் சற்று உயர்த்தி, குஞ்சுகள் தாமாகவே உள்ளே சென்று வரும்படி விடுங்கள். கொல்லை பெரிதாக இருந்தால் மூலைக்கொன்றாகத் தென்னங்கீற்றுச் சரிவும் அமைத்துவிடுங்கள், ஏனெனில் பருந்து பாய்ந்து வரும் வேகத்தில் நெடுந்தூரம் ஓட அவற்றுக்கு நேரம் இருக்காது.