நார்கோஸ் ரெண்டு சீசன் முடிச்சாச்சு, பாப்லோ இல்லாம மூணாவது சீசன் பாக்கலாமா?

கொலுசுப்பட்டறை, செவ்வாப்பேட்டை:
வணக்கம்ங்க. பட்டறை முடிஞ்சு வீட்டுக்கு வந்து சாப்ட்டுட்டு நார்கோஸ் சீரியல தெனம் ஒரு எபிசோடுன்னு பாத்துட்டு வந்தேன், நேத்து ராத்திரிதான் ரெண்டாவது சீசன் கடைசி, அந்த கொலம்பியா கொக்கெய்ன் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபார் வெறுங்காலோட ஓட்டு மேல ஓடி சுடப்பட்டு விழறான்ல, அத பாத்துட்டு தூக்கமே வரல. 1993 டிசம்பர் 2, அதுக்கு முந்தின நாள்தான் அந்தாளுக்கு 44 முடிஞ்சிருக்கு. எனக்கு தொண்டை அடைச்சிருச்சுங்க, அதுதான் எனக்கே புடிக்கல. இருபது எபிசோடா இவன் மந்திரிய கொன்னான், ஜட்ஜ கொன்னான், ரோட்ல குண்டு வச்சான், எல்லாத்தையும் பாத்துட்டு கடைசில அவன் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு போன் போட தவிக்கறப்ப நான் அவன் பக்கம் நிக்கறேன். இது நடிப்போட பலமா இல்ல கதைய எழுதினவங்க நம்மள அப்படி இழுத்துட்டு போறாங்களா?

இன்னொன்னும் இருக்கு. எங்க பட்டறைல கம்பி இழுக்கற தம்பி ஒருத்தன், 19 வயசு, நல்ல பையன், போன மாசம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீசர்ட் வாங்கிட்டு வந்தான். நெஞ்சு முழுக்க பாப்லோ சிரிச்சுட்டு நிக்கற போட்டோ, அந்த போலீஸ் போட்டோ. மாஸ்ணான்னான். சீரியல் இன்னும் பாக்கலயாம், ரீல்ஸ்ல பாத்தானாம். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மூணாவது சீசன் பத்தி சொல்லுங்க, முடிஞ்சா இதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

மலைக்காப்பி, ஏற்காடு:
கண்டிப்பா பாருங்க தம்பி, என்ன கேட்டா மூணாவதுதான் இருக்கறதுலயே சுத்தமான சீசன். காளி கார்ட்டல், அதாவது கொலம்பியாவுல காளிங்கற ஊரோட போதைக் கடத்தல் கூட்டம், ரோட்ரிகஸ் ஒரேஹுவேலா அண்ணன் தம்பிங்க, கோட் சூட் போட்டுட்டு மருந்துக்கடை முதலாளியாட்டம் இருப்பாங்க, அவங்களுக்கு நெசமாவே பெரிய மருந்துக்கடை கம்பெனி இருந்துச்சு. பாப்லோ சத்தம் போட்டு செஞ்சத இவங்க கணக்கு நோட்டுல செஞ்சாங்க. ஆனா சீசனோட உயிர் ஹோர்ஹே சால்செதோதான். கார்ட்டலோட செக்யூரிட்டிய பாத்துக்கற ஆளு, வெளிய போயிரலாம்னு நெனைக்கறான், விட மாட்டேங்கறாங்க, கடைசில அவனே அமெரிக்க போதைத் தடுப்பு ஆளுங்களுக்கு தகவல் குடுக்கறான். அவன் பொய் சொல்றப்ப நமக்கு வேர்க்கும். இங்க சாயங்காலம் பனி இறங்கி எஸ்டேட் ரோடே தெரியாது, அந்த குளிர்லயும் எனக்கு உள்ளங்கை ஈரமாயிருச்சு. அந்த அண்ணன் தம்பில ஒருத்தன் மிகெல், அவன் குளியலறை சுவத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற எபிசோட மட்டும் பாதில நிறுத்தாதீங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் புடிபட்டது 1995ல, சால்செதோ இன்னைக்கும் அமெரிக்காவுல பேரு மாத்திட்டு ஒளிஞ்சுதான் வாழறாரு.

ஒரு திருத்தம் மட்டும் மனசுல வச்சுக்கங்க. பெட்ரோ பாஸ்கல் நடிச்ச அமெரிக்க போதைத் தடுப்பு ஏஜெண்டு பேன்யா மூணாவது சீசன்ல முன்னாடி நிப்பாரு, நெசத்துல அவருக்கு காளி வேட்டைல பங்கு இல்ல. அதே மாதிரி ரெண்டாவது சீசன்ல செத்துப்போற கர்னல் கரியோ கற்பனை ஆளு. நெச வேட்டைய நடத்தினது ஹூகோ மார்த்தினேஸ்னு ஒரு அதிகாரி, கடைசில பாப்லோ பேசின போன மோப்பம் புடிச்சு வீட்ட கண்டுபுடிச்சது அவரோட பையன்.

தியேட்டர்பைத்தியம், அஸ்தம்பட்டி:
அழுகை வந்தா வந்துட்டு போகட்டும் ப்ரோ, அது பாப்லோவா நடிச்ச வாக்னர் மோராவோட வேலை. அந்த மனுசன் பிரேசில்காரர், வீட்டுல பேசறது போர்ச்சுகீஸ், இந்த ரோலுக்காக பாப்லோவோட ஊர் மெடெயின்ல போய் உக்காந்து ஸ்பானிஷ் கத்துக்கிட்டாரு, உடம்ப ஏத்தினாரு. கொலம்பியாக்காரங்களுக்கு அவர் உச்சரிப்பு கடைசி வரைக்கும் ஒட்டல, நம்ம ஊர் கதைல வெளியூர்க்காரன் வந்து ஏனுங்கன்னு இழுத்தா நமக்கு எப்படி உறுத்தும், அப்படி. ஆனா சட்டைய பேண்டுக்கு மேல தூக்கிவிட்டுட்டு, வயித்த தடவிட்டு, ஒண்ணும் பேசாம நிக்கறாரே, அங்க மொழியே வேணாம். கொலைகாரன் ஒருத்தன மனுசனா காட்டறது தப்பில்லன்னு நான் நெனைக்கறேன். பூதமா காட்டினா நம்ம தெருவுல அப்படி ஒருத்தன் இருக்க மாட்டான்னு நிம்மதியா தூங்கிருவோம்.

காவேரிக்கரை, மேட்டூர்:
அஸ்தம்பட்டி தம்பி சொல்றது பாதி சரி. மீதிய நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. பாப்லோ ஏழைக்கு வீடு கட்டி குடுத்தான், பந்து வெளயாட கிரவுண்டு போட்டான், அதனால மெடெயின்ல அவன் சாவுக்கு கூட்டம் கூடி அழுதுச்சு, இத சீரியல்ல பாத்தப்ப எனக்கு கொலம்பியாவே தெரியல, எங்க ஊர்தான் தெரிஞ்சுது. வீரப்பன் சமாதி இங்க மேட்டூர் பக்கம் மூலக்காட்டுலதான் இருக்கு, 2004 அக்டோபர் 18ல பாப்பாரப்பட்டிகிட்ட சுட்டாங்க, இப்பவும் வந்து பாத்துட்டு போறாங்க. எங்க பெரியப்பா ஃபாரஸ்ட்ல வாட்சரா இருந்தாரு. 1993 ஏப்ரல் 9ல பாலாறு குண்டுவெடிப்புல 22 பேர் செத்தாங்க, அந்த வாரம் பெரியப்பா டூட்டிக்கு கெளம்பறப்ப பெரியம்மா வாசல்ல நின்னு ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, அவரு சாப்பாட்டு தூக்க சைக்கிள்ல மாட்டறத பாத்துட்டே நிப்பாங்க, அவரு திருப்பம் தாண்டினப்பறமும் உள்ள போக மாட்டாங்க. வீரப்பன பத்தி யார் கதை எடுத்தாலும் மீசைய காட்டறாங்க, துப்பாக்கிய காட்டறாங்க, அந்த தூக்குச்சட்டிய எவனும் காட்டல.

அதுக்காக வேட்டைக்கு போனவங்க எல்லாம் உத்தமர்னு சொல்ல வரல. 1992 ஜூன்ல வாச்சாத்தில சந்தனக்கட்டை தேடறோம்னு போய் என்ன பண்ணாங்கன்னு தெரியும், 269 பேர் மேல கேசு, தீர்ப்பு வர 2011 ஆச்சு, அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க, மீதி 215 பேருக்கு தண்டனை. ரெண்டாவது சீசன்ல லோஸ் பேபெஸ்னு ஒரு கூட்டம் வரும் பாருங்க, பாப்லோவோட எதிரிங்க சேந்து அவன் ஆளுங்கள கொல்றது, அரசாங்கத்து ஆளுங்க கண்ண மூடிக்கறது. அந்த இடத்த நார்கோஸ் மூடி மறைக்கல, அதுக்கு நான் மதிப்பு குடுக்கறேன்.

மெக்சிகோ சீசன்களும் இருக்கு, மூணு. மொத ரெண்டுல டியேகோ லூனா, ஃபெலிக்ஸ் கயார்தோங்கற மெக்சிகோ கடத்தல் தலைவனா நடிச்சிருப்பாரு. மொத சீசன், 1985ல கிகி கமரேனாங்கற அமெரிக்க போதைத் தடுப்பு ஏஜெண்ட கடத்திட்டு போய் கொன்ன கதை. மனசு திடமா இருக்கறப்ப மட்டும் பாருங்க.

ரேவதிஅக்கா, அம்மாப்பேட்டை:
டீசர்ட் தம்பிக்கு நான் சொல்றேன். அறிவுரை சொல்லாதீங்க, 19 வயசுல யாரும் கேக்க மாட்டாங்க. அந்த போட்டோவோட கதைய சொல்லுங்க. அது 1970கள்ல கொக்கெய்னோட மாட்டினப்ப போலீஸ் எடுத்தது. அதுக்கப்பறம் பாப்லோ எம்பி கணக்கா பார்லிமெண்டுக்குள்ள போய் உக்காந்துட்டான், நான் வியாபாரின்னு சொன்னான். எல் எஸ்பெக்தாதோர்னு ஒரு பேப்பர், அதோட ஆசிரியர் கியெர்மோ கானோ, 1983ல அந்த பழைய கைது செய்திய தேடி எடுத்து மறுபடி போட்டாரு. 1986 டிசம்பர் 17, ஆபீஸ விட்டு கார்ல கெளம்பறப்ப சுட்டு கொன்னுட்டாங்க. தம்பி போட்டிருக்கற சிரிப்புக்கு பின்னாடி அந்த மனுசன் இருக்காரு.

அப்பறம் முதல் சீசன்ல விமானம் எபிசோட். ஒரு சின்ன பையன், கையில பொட்டிய குடுத்து இது பேச்ச பதிவு பண்ற மிஷின்னு சொல்லி ஏத்தி விடறாங்க, அவனுக்கு குண்டுன்னே தெரியாது. நெசத்துல நடந்தது 1989 நவம்பர் 27, போகோட்டாலருந்து காளிக்கு போன அவியாங்கா விமானம், உள்ள 107 பேர், கீழ 3 பேர். அதுல போக வேண்டிய ஜனாதிபதி வேட்பாளர் கவீரியா ஏறவே இல்ல. எனக்கு ரெண்டு பசங்க, மூத்தவன் காலேஜ். அந்த பையன் சீட்ல உக்காந்து பட்டன தேடறப்ப நான் டிவிய நிறுத்திட்டு எழுந்திரிச்சு போயிட்டேன், பத்து நிமிசம் கழிச்சுதான் வந்து பாத்தேன். கொலுசு தம்பி, நீங்க பாப்லோவுக்கு வருத்தப்பட்டதுல தப்பில்ல, ஆனா அந்த எபிசோட இன்னொருக்கா போட்டு அந்த பையன் மூஞ்சிய மட்டும் பாருங்க.

கொலுசுப்பட்டறை, செவ்வாப்பேட்டை:
எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா சொன்ன மாதிரி விமான எபிசோட மறுபடி பாத்தேன். மேட்டூர் அண்ணா, தூக்குச்சட்டி படிச்சதுலருந்து வேலைல கை ஓடல, எங்க அப்பாவும் அதே மாதிரி சைக்கிள்ல மாட்டிட்டுதான் போவாரு.

இன்னைக்கு மத்தியானம் சலங்கை வச்சுட்டு இருக்கறப்ப தம்பிகிட்ட கானோ கதைய சொன்னேன். கம்பிய விட்டுட்டு கேட்டான். அப்பறம் அந்த பேப்பர் நின்னு போச்சாண்ணான்னு கேட்டான். நிக்கல, 1989 செப்டம்பர்ல லாரி நெறய குண்டு வச்சு அவங்க ஆபீசயே வெடிக்க வச்சாங்க, அடுத்த நாளும் பேப்பர் வந்துச்சு, இப்பவும் வருதுன்னேன். ஒண்ணும் சொல்லல, கொஞ்ச நேரம் கழிச்சு அந்த சீரியல் எதுல வருதுண்ணா, முதல்லருந்து பாக்கறேன்னான். ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன், அவனோட முதல் சீசன், ராத்திரி நான் தனியா மூணாவது. சால்செதோ வர்ற எபிசோட் முடிச்சுட்டு வந்து எழுதறேன் மலைக்காப்பி அண்ணா.