புதுப்பிப்பு: கூட்டம் சேராத ரைடை எடுத்துவிட்டு என்ன வைப்பது?

பொழுதுபோக்குப் பூங்காவில் வரிசையே இல்லாமல் ஓடும் ரைடை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு ரோலர் கோஸ்டரை வைக்க வேண்டாம், குடும்பமே சேர்ந்து ஏறும் உள்ளரங்க ரைடை வைக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் பூங்காவை எடுத்துக்காட்டி மறுத்தார்கள்.

சரி, அதையே பார்ப்போம். 1991-இல் வந்த மீன் ஸ்ட்ரீக் என்ற மரக் கோஸ்டர், உடம்பைக் குலுக்கியெடுக்கிறது என்று பெயர் வாங்கி 2016-இல் மூடப்பட்டது. மரச்சட்டத்தில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு எஃகுத் தண்டவாளம் போட்டு, 2018-இல் ஸ்டீல் வெஞ்சன்ஸாகத் திறந்தார்கள். அருமையான வேலைதான். ஆனால் கோஸ்டர் போய் கோஸ்டர்தான் வந்தது. பூங்காவில் இருக்கும் ரைடு வகைகளின் கலவை மாறவில்லை.

நான் சொல்வதற்கு நெருக்கமானது டிஸ்னி கலிபோர்னியா அட்வெஞ்சர் பூங்காவில் நடந்தது. 2001-இல் பூங்காவோடு திறந்த சூப்பர்ஸ்டார் லிமோ என்ற உள்ளரங்க ரைடு ஓராண்டுகூடத் தாங்கவில்லை. சிறு பிள்ளைகளுக்கு அங்கே அதிகம் இல்லை என்ற குறையும் அப்போது இருந்தது. சில ஆண்டுகள் கழித்து, பழைய பாதையையே வைத்துக்கொண்டு காட்சிகளை மட்டும் மாற்றி, குட்டிப் பிள்ளையும் தாத்தாவும் சேர்ந்து ஏறும் ரைடாக்கினார்கள். இடிக்கும் செலவும் மிச்சம்.

அப்புறம், உயர வரம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே! குறைந்தது 122 சென்டிமீட்டர் உயரம் கேட்கும் ரைடுகளாகவே அடுக்கினால், குழந்தையோடு வந்தவர்களில் ஒருவர் எப்போதும் வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மழை வந்தால் இன்னும் மோசம்: வெளிப்புற ரைடுகள் பல நின்றுவிடும், கூரைக்குக் கீழே ஓடுவது ஒன்றிரண்டுதான் இருக்கும். காலியாகும் இடத்துக்கு என் ஓட்டு இன்னமும் உள்ளரங்க ரைடுக்கே.