தனி நாடு கேட்பவர்கள் பழைய அரசரை வைத்துக்கொள்ளலாமா?

அஸ்தம்பட்டி வாசகர்:
பிரிட்டனிலிருந்து பிரிவது பற்றி 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தில் நடந்த வாக்கெடுப்பில் விடுதலை கோரிய கட்சி, பிரிந்த பிறகும் எலிசபெத் அரசியே நாட்டின் தலைவராக நீடிப்பார் என்று அறிவித்திருந்தது. தனிக்குடித்தனம் போகிறவர்கள் அரசரை மட்டும் ஏன் விட மறுக்கிறார்கள்?

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:
அங்கே முடி வேறு, நாடாளுமன்றம் வேறு. ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் 1603-இல் இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்தார். இரு நாடாளுமன்றங்களும் ஒன்றானதோ 1707-இல்தான். ஆகவே, ஒரே அரசரின் கீழ் இரு நாடுகளாக நூறாண்டுக்கு மேல் இருந்த முன்மாதிரி அவர்களுக்கு உண்டு. தயங்கும் வாக்காளரை மிரளவிடாத உத்தியும் அதில் இருந்தது என்பது என் எண்ணம். ஆயினும் 55 விழுக்காட்டினர் பிரிவினையை மறுத்துவிட்டனர்.

ஏற்காடு வாசகர்:
ஐயா, நாமும் அப்படி இருந்தவர்கள்தாமே! 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை ஆறாம் ஜார்ஜே நமக்கும் மன்னர்; அவருடைய கடைசிப் பிரதிநிதியாக, கவர்னர் ஜெனரல் பதவியில் இருந்தவர், ஒரு காலத்தில் நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி. என் பாட்டியின் சுருக்குப்பையில் 1947-ஆம் ஆண்டு நிக்கல் ரூபாய் ஒன்று கிடக்கிறது: ஒரு பக்கம் மன்னரின் தலை, மறுபக்கம் புலி, விளிம்பு தேய்ந்தும் கிரீடம் தேயவில்லை. அரசியலமைப்பு எழுதி முடியும்வரை அந்த ஏற்பாடு நமக்குக் கைகொடுத்தது. அதற்கு மேல் நீட்டித்திருந்தால் நான் ஏற்றிருக்கமாட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:
1966-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற கரீபியத் தீவு நாடான பார்படோஸ், 2021-இல்தான் குடியரசானது. ஆஸ்திரேலியர்களோ 1999 வாக்கெடுப்பில் குடியரசே வேண்டாம் என்றுவிட்டார்கள்.