நம் வீடு குழு: பெரியம்மாவின் அயோடின் சோதனை

பெரியம்மா (காலை 7:10): இரத்தப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். மிகவும் குறைந்து, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 கூடியிருக்கிறது. அதன் பிறகும் கதிரியக்க அயோடின் சோதனைக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துவிட்ட ஒன்றுக்கு இன்னொரு சோதனை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

நான் (7:24): ஹார்மோன் கூடியிருக்கிறது என்று மட்டும்தான் இரத்தம் சொல்லும், பெரியம்மா, ஏன் கூடியது என்று சொல்லாது. கிரேவ்ஸ் நோயில், உடலின் எதிர்ப்பொருளே தூண்டுவதால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி ஓயாமல் புதிய ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். தைராய்டு அழற்சியிலோ, சுரப்பி புண்பட்டு, அது முன்பே சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் கசிந்து இரத்தத்தில் கலக்கும். படபடப்பும் கைநடுக்கமும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தாலும் வைத்தியம் வேறு. அயோடின் இல்லாமல் இந்த ஹார்மோன் உருவாகாது என்பதால், விழுங்கிய அயோடினில் எவ்வளவைச் சுரப்பி இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பதே இந்தச் சோதனை.

மாமா (7:31): அக்காவுக்கு அந்தக் கதிரியக்கத்தால் கெடுதல் வராதா? எப்படி அளக்கிறார்கள்?

நான் (7:40): கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இதைச் செய்வதில்லை, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவு மிகச் சிறியது, மாமா. இதற்குப் பயன்படும் அயோடின்-131இன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் காலம், 8 நாள், அயோடின்-123க்கு 13 மணி நேரம்தான். நான் வேலை செய்யும் எங்கள் பிரிவில் ஈயக் குப்பியில் வரும் அயோடின் கேப்சூலை விழுங்கச் செய்து, 4 முதல் 6 மணி நேரத்திலும் மறுபடி 24 மணி நேரத்திலும் கழுத்துக்கு நேரே கருவியை வைத்து, அங்கிருந்து வரும் கதிர்களை எண்ணுவோம். தொடையையும் எண்ணி, உடலெங்கும் சுற்றும் அயோடினின் பங்கைக் கழித்துவிடுவோம். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 10 முதல் 30 சதவீதம் என்றால் இயல்பு. கிரேவ்ஸில் அதைவிட நன்றாகக் கூடும், அழற்சியில் பெரும்பாலும் 5 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். பெரியம்மா, அண்மையில் ஏதாவது ஸ்கேன் எடுத்தீர்களா?

பெரியம்மா (7:52): வயிற்று வலிக்காக 12 நாட்களுக்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தேன். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றியதும் உடம்பெல்லாம் சூடு பரவியது.

நான் (7:55): அது அயோடின் கலந்த மருந்து, பெரியம்மா. உடம்பில் அது நிறைந்திருக்கும்போது நாங்கள் கொடுக்கும் சிறு அளவைச் சுரப்பி பொருட்படுத்தாது. கிரேவ்ஸ் இருந்தாலும் எண் தாழ்ந்து வந்து, அழற்சி என்று தவறாக முடிவு செய்ய நேரிடும். அந்த அயோடின் வடிய 4 முதல் 8 வாரம் ஆகலாம். வியாழக்கிழமைக்கு முன்பே டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த அயோடின் வடியும்வரை காத்திருக்காமல் கிரேவ்ஸுக்கான எதிர்ப்பொருளை இரத்தத்தில் பார்க்கலாமா என்றும் கேளுங்கள்.

பெரியம்மா (8:02): ஸ்கேன் எடுத்தாயா என்று அங்கே ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, கண்ணே. அந்த ரிப்போர்ட்டை இப்போதே பையில் எடுத்து வைக்கிறேன்.

மாமா (8:04): பத்து மணிக்கு வண்டியோடு வந்துவிடுகிறேன், அக்கா, இருவருமாகப் போய் டாக்டரைப் பார்ப்போம்.