ஓவர்பர்டன்: மிகைச்சுமையா, மூடுபடையா?

அன்புடையீர்,

'ஓவர்பர்டன்' (overburden) என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு 'மிகைச்சுமை' என்று முன்மொழிந்திருந்தீர்கள். மனிதர்மீதோ மாட்டின்மீதோ தாங்க முடியாத அளவு ஏற்றுவதைச் சொல்ல அது நல்ல சொல். ஆனால் நாம் தொகுப்பது சுரங்கவியல் சொற்பட்டியல். அங்கே அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

ஆங்கிலத்தில் 'ஓவர்' என்பது 'அளவு மிஞ்சி' என்றும் வரும், 'மேலே' என்றும் வரும். சுரங்கத்தில் இரண்டாவது பொருளே. வெட்டி எடுக்கவேண்டிய கனியத்தின் மேலே கிடக்கும் மண், களி, பாறை எல்லாம் ஓவர்பர்டன்தான். ஒரு முழமே இருந்தாலும் பெயர் அதுவே. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எட்டுவதற்கு முன் மாபெரும் இயந்திரங்கள் வாரிக் குவிப்பதும் அதையே. 'மிகைச்சுமையை அகற்றினர்' என்று எழுதினால், மாணவர் மனத்தில் பாரவூர்தியிலிருந்து மூட்டை இறக்கும் காட்சிதான் தோன்றும்.

திருகோணமலையில் வாழும் எனக்கு இது கண்கூடு. நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்குப் போனால், இல்மனைற்று என்னும் பாரமான கனியம் நிறைந்த கரிய மணல் கடற்கரையிலேயே கிடக்கிறது. அலைகள் இலேசான மணலை இழுத்துச் சென்று பாரமான மணிகளை விட்டுச் செல்கின்றன. ஒரு கை அள்ளினாலே பாரம் தெரியும். ஆனால் அதை மூடிக் கிடப்பது அநேகமாக ஒன்றுமில்லை. பாரம் உண்டு, ஓவர்பர்டன் இல்லை! இந்த வேறுபாட்டை நம் சொல் காட்டவேண்டாமா?

'மேல்மண்' போதாது. அது பயிர் வேரூன்றும் மெல்லிய பகுதி மட்டுமே. பிறகு நிலத்தைச் சீராக்கும்போது பரப்புவதற்காக அதைத் தனியே எடுத்து வைப்பதும் உண்டு.

ஆகவே 'மூடுபடை' என்கிறேன். 'ஓசோன் படை' என்று படித்து வளர்ந்த நமக்குப் படை என்றால் அடுக்கு. தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சேனை நினைவுக்கு வருமானால், 'மூடடுக்கு' என்றும் சொல்லலாம். எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. மூடுபடை வினைத்தொகை, ஒற்று மிகாது. 'மூடுபடை அகற்றல்', 'மூடுபடை அமுக்கம்' என்று தொடர்கள் தடையின்றி அமைகின்றன.

'மிகைச்சுமை' மின்சுற்றின் ஓவர்லோடுக்கு இருக்கட்டும். வாகனங்களுக்கு 'மிகைப்பாரம்' என்பேன். பாரவூர்தி, பாரந்தூக்கி என்று பழகிய வாய்க்கு அதுவே இயல்பு.

பட்டியலில் சேர்க்க வேண்டிய வரி இது: மூடுபடை – கனியப் படிவின்மேல் கிடக்கும், அதை எடுக்க அகற்றவேண்டிய மண்ணும் பாறையும்.