செல்ஃப் அமுக்கினால் ஒரே ஒரு ‘டக்’, கிக்கரில் உடனே ஸ்டார்ட். மோட்டாரை மாற்றணுமா?

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
125 சிசி வண்டி, 2016 மாடல். தினமும் வண்ணார்பேட்டை வரை வேலைக்குப் போய் வருகிறேன். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. பட்டனை அமுக்கினால் சீட்டுக்கு அடியில் ஒரு ‘டக்’, அவ்வளவுதான். கிக்கரை ஒரு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்கிறது. சாயங்காலம் சில நாள் செல்ஃபும் எடுக்கும். போன மாதம் கடையில் பேட்டரி போச்சு என்று சொல்லிப் புதுசு போட்டார்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது, அப்புறம் பழைய கதைதான். இப்போது மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். முட்டிவலிக்காரன் நான், எத்தனை நாள் மிதிப்பேன்?

மேலப்பாளையம் தம்பி:
கிளட்ச் சுவிட்சைப் பாருங்க அண்ணாச்சி. என் வண்டியில் அதுதான் போயிருந்தது.

அம்பை வயரிங்:
தம்பி, கிளட்ச் சுவிட்ச் போனால் ‘டக்’ சத்தமே வராது. அந்தச் சத்தம் ரிலே போடுவது, பட்டனை அமுக்கினால் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச் அது. அதுவரை கரண்ட் வந்துவிட்டது.
அண்ணாச்சி, இரண்டு விஷயம் சொல்லுங்க. வண்டி நிற்கும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட்? பிரேக்கை மிதித்துக்கொண்டு செல்ஃபை அமுக்கினால் பின்னால் பிரேக் லைட் மங்குகிறதா? ஹெட்லைட்டைப் பார்க்க வேண்டாம், உங்க மாடலில் அது எஞ்சின் ஓடினால்தான் எரியும்.

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
12.6 காட்டுகிறது. பிரேக் லைட் அப்படியே நிற்கிறது. ஆனால் மீட்டரில் பச்சை நியூட்ரல் லைட் மங்கிப் போகிறது. அது எதற்கு?

அம்பை வயரிங்:
அடடா, வண்டியே பதில் சொல்லிவிட்டதே. பேட்டரி இறங்கியிருந்தால் இரண்டு லைட்டும் மங்க வேண்டும். நியூட்ரல் சுவிட்சுக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி, எஞ்சின் பாடியில்தான். செல்ஃப் மோட்டாருக்கும் அதே வழிதான். பிரேக் லைட்டுக்கு எர்த் வயரிங் செட்டு வழியாக வருகிறது. எஞ்சின் பக்கத்து எர்த் மட்டும் பிடிக்கவில்லை.
உறுதி செய்துகொள்ளுங்க. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும், சிவப்பு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து செல்ஃபை அமுக்குங்க. 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது, நான் சொன்னது தப்பு. அதற்கு மேல் ஏறினால், பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கேபிளில்தான் கரண்ட் நின்றுபோகிறது.

மேலப்பாளையம் தம்பி:
ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துப் பார்த்தால் போதாதா?

அம்பை வயரிங்:
அது ரிலே போச்சா என்று பார்க்க. எர்த் இல்லாத வண்டியில் அப்படிச் செய்தாலும் மோட்டார் சுற்றாது, மோட்டார்தான் போச்சு என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீங்க. நல்ல மோட்டார்கள் இப்படித்தான் வீணாக மாற்றப்படுகின்றன. தவிர, பொறி பறக்கும். பெட்ரோல் கசிகிற வண்டியில் அந்த வேலையே வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
6.1 வோல்ட்!
மைனஸ் கேபிள் எஞ்சினோடு சேரும் இடம் எங்கே என்று தேடவே அரை மணி நேரம் ஆனது. 10 நம்பர் ஸ்பேனர் போட்டால் போல்ட் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு, காபி குடித்துவிட்டு வந்து திருகினேன். வளையத்துக்கு அடியில் கருப்பட்டித் தூள் மாதிரி துரு.

அம்பை வயரிங்:
வண்டியை எங்கே கழுவுறீங்க?

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ஆற்றில். திட்டாதீங்க.

அம்பை வயரிங்:
தாமிரபரணியும் பிழைக்கட்டும், வண்டியும் பிழைக்கட்டும், இனி வீட்டில் வாளித் தண்ணீரில் கழுவுங்க. பேட்டரி மைனஸை முதலில் கழற்றிவிட்டு, வளையத்தையும் எஞ்சினில் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்க. புது பேட்டரி ஒரு வாரம் எடுத்ததுகூட, மாற்றும்போது கேபிள் அசைந்து துரு கொஞ்சம் விலகியதால்தான் இருக்கும்.

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
செய்துவிட்டேன். இப்போது 0.2. காலையில் மழையோடு மழையாக ஒரே அமுக்கில் எடுத்தது. பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துத் தொலைத்தேனே, அதுதான் வயிற்றெரிச்சல்.