வெள்ளை அஸ்பாரகஸுக்குத் தமிழில் என்ன பெயர்? – ஒரு கலைச்சொல் விவாதம்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

ஜெர்மனியில் ஹைடல்பெர்க் அருகே இயங்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஐந்தாம் வகுப்புக்குப் பருவகாலப் பாடநூல் எழுதி வருகிறோம். இளவேனில் பாடம் ஒரு சொல்லுக்காக நின்றுபோயிருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24ஆம் நாள், அதாவது புனித யோவான் திருநாள் வரை, இங்கே சந்தையிலும் உணவகத்திலும் சாலையோரக் குடில்களிலும் வெள்ளை அஸ்பாரகஸ் என்னும் தண்டுக் காய்கறிதான் பேச்சு. பக்கத்து ஊரான ஷ்வெட்சிங்கன் தன்னை இதன் தலைநகர் என்றே சொல்லிக்கொள்கிறது. பிள்ளைகள் ‘ஷ்பார்கல்’ என்கிறார்கள். இதை விட்டுவிட்டு இவ்வூரின் இளவேனிலை எழுத முடியாது. பச்சையும் வெள்ளையும் ஒரே செடியின் முளைகளே. மண்ணை அணைத்து மேடாக்கி ஒளி படாமல் வளர்ப்பதால் பச்சையம் உண்டாகாமல் இது வெளுத்திருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் வாயில் நுழையும் சொல்லாக ஒன்று தாருங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

– பாடநூல் ஆசிரியை, ஹைடல்பெர்க் அருகிலிருந்து

*

அம்மையீர்,

புதுச்சொல்லே தேவையில்லை. நம் காடுகளில் முட்கொடியாகப் படரும் தண்ணீர்விட்டானும் அஸ்பாரகஸ் பேரினத்தைச் சேர்ந்ததுதான். ஈழத்தில் அதையே சாத்தாவாரி என்பார்கள். பேரினத்துக்குத் தமிழ்ப் பெயர் இருக்கும்போது, சிற்றினத்துக்கு அதனோடு ஓர் அடைமொழி சேர்ப்பதே தாவரப் பெயரிடலின் ஒழுங்கு. ‘தண்ணீர்விட்டான் வெண்முளை’ என்று எழுதுங்கள். நீளம் என்பது குறையன்று. துல்லியத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

– தாவரவியல் ஆசிரியர், தஞ்சாவூர்

*

பேரன்புடையீர்,

தண்ணீர்விட்டான் என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் தோன்றுவது நாட்டு மருந்துக் கடையில் காய்ந்து கிடக்கும் கிழங்கு. பிள்ளைகள் வெண்ணெயோடு உண்ணும் இளந்தண்டுக்கு அப்பெயரை வைத்தால் பாடம் மருத்துவக் குறிப்பாகிவிடும். நாம் தேட வேண்டிய இடம் தொல்காப்பிய மரபியல். இளமைப் பெயர்களைச் சொல்லிவரும் ஆசிரியர், ‘பிள்ளை குழவி கன்றே போத்து எனக் கொள்ளவும் அமையும் ஓரறிவு உயிர்க்கே’ என்று தாவரங்களுக்கு நான்கு பெயர்களை ஒதுக்குகிறார். பிள்ளை தென்னைக்கும் கன்று மாவுக்கும் வாழைக்கும் போய்விட்டன. போத்து இன்னும் முழுமையாகப் பயன்படுத்தப்படாமல் இருக்கிறது. ஆகவே ‘வெண்போத்து’ என்பது என் முன்மொழிவு. அதே மரபியல் போத்து என்பதை ஆண்பாற் பெயர்களுள்ளும் வைக்கிறது. அஸ்பாரகஸில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு என்றும், பழம் தாங்கும் பெண்செடியைவிட ஆண்செடியையே உழவர் விரும்பி நடுகிறார்கள் என்றும் படித்தேன். இளமையும் ஆண்மையும் ஒரே சொல்லில் வந்து பொருந்துவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. போழ்தல், போத்து, போந்து ஆகிய சொற்களின் உறவைத் தனியே விரிவாக எழுதுகிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

*

ஐயா அவர்களுக்கு,

தங்கள் மரபியல் அறிவை மதிக்கிறேன். ஆனால் போத்து என்றால் இன்று ஊரில் முருங்கைப் போத்து, கிளுவைப் போத்து, அதாவது வெட்டி நடும் கிளை. வழக்கில் உயிரோடிருக்கும் பொருளை நாம் அழிக்க முடியாது.

நான் நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில் இப்பயிரோடு பல பருவங்கள் வேலை செய்தவன். இங்கே இதனை ‘வெள்ளைப் பொன்’ என்பார்கள். மேட்டின் மீது கறுப்பும் வெள்ளையுமான நெகிழித் தாளை விரித்திருப்பார்கள். மண் சூடேற வேண்டுமானால் கறுப்புப் பக்கம் மேலே, குளிர வேண்டுமானால் வெள்ளைப் பக்கம் மேலே. தாளை விலக்கிப் பார்த்தால் முளை தெரியாது, மண்ணில் ஒரு கீறல்தான் தெரியும். அந்த இடத்தில் விரலால் மண்ணைத் தோண்டி, தண்டைக் கண்ட பிறகு நீண்ட கத்தியைக் கீழே விட்டு அறுக்க வேண்டும். பக்கத்து முளையில் கத்தி பட்டால் அதுவும் போயிற்று. பிறகு குழியை மூடி, தட்டைக் கரண்டியால் மேட்டைத் தடவிச் சமன் செய்தால்தான் அடுத்த கீறல் கண்ணில் படும். ஒரு பொழுது பிந்தி, தலை வெளிச்சத்தைக் கண்டுவிட்டால் அது ஊதாவாகிவிடும், விலையும் இறங்கிவிடும். அதனால் நிறத்தைப் பெயரில் வைப்பது மேலோட்டமானது என்பேன். மண்ணுக்குள் புதைந்திருப்பதே இதன் இயல்பு.

யாழ்ப்பாணத்தில் பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து, முளைத்ததைக் கிளறி எடுத்து, பனங்கிழங்கு என்கிறோம். அது உண்மையில் வேர்க்கிழங்கு அன்று, இளம்பனையின் முளை. உழைக்கிறவன் வைத்த பெயர் தாவரவியலுக்குக் காத்திருக்கவில்லை. ‘புதைகுருத்து’ என்ற வினைத்தொகையை முன்வைக்கிறேன். அதுவும் வேண்டாமென்றால் ‘சுபார்கல்’ என்றே எழுதுங்கள். ஒல்லாந்தரிடமிருந்து போஞ்சி (பீன்ஸ்) என்ற சொல்லையும் போர்த்துக்கேயரிடமிருந்து கோவா (முட்டைக்கோஸ்) என்ற சொல்லையும் வாங்கிக்கொண்டதால் ஈழத்தமிழ் கெட்டுப்போகவில்லை.

– லிம்பர்க்கிலிருந்து ஓர் ஈழத்தமிழர்

*

குருத்து என்பது விரியாத இலை; அஸ்பாரகஸின் முளை தண்டு. அதன்மேல் செதில்களாக ஒட்டியிருப்பவைதாம் இலைகள். இலையின் பெயரைத் தண்டுக்கு வைத்துவிட்டு, நாளை அதே மாணவர்களுக்கு உயிரியலை எப்படிக் கற்பிப்பது? முளை என்பதே சரி. முள், முளை, முனை என்ற வரிசையைப் பாருங்கள். மண்ணை முட்டி வரும் கூர்மை முழுவதும் அச்சொல்லில் இருக்கிறது.

– தஞ்சாவூர்

*

பாவாணர் சோளம், கரும்பு, தென்னை, பனை ஆகியவற்றின் கொழுந்தைக் குருத்து என்று வகுத்திருக்கிறார். நான்கும் ஒருவித்திலைத் தாவரங்கள். அஸ்பாரகஸும் ஒருவித்திலைத் தாவரமே. தமிழர் மூங்கில் முளையையும் மூங்கில் குருத்து என்றே சமைக்கிறார்கள், அதுவும் தண்டுதான். ஆகவே குருத்து என்பதை நானும் ஏற்கிறேன். போத்தைக் கைவிடுவது வருத்தமே. ஆனால் ‘புதை’ வேண்டாம். பிள்ளைகள் உண்ணும் பொருளின் பெயரில் புதைகுழியின் நினைவு வரலாகாது.

– மதுரை

*

அனைவருக்கும் நன்றி.

கோப்பை இன்று அனுப்பியாக வேண்டும். நால்வர் ‘வெண்குருத்து’ என்பதற்கு இசைந்து தனி மடல் எழுதினார்கள். அவர்களுள் இருவர், விவாதம் முடிந்தால் போதும் என்றும் எழுதினார்கள். பாடத்தில் இவ்வாறு வைத்திருக்கிறேன்: ‘வெண்குருத்தைத் தலைக்குக் கீழே தொடங்கி அடிவரை தோல் சீவி, உப்பும் சிறிது சர்க்கரையும் வெண்ணெயும் இட்ட நீரில் வேகவைப்பார்கள். சீவிய தோலையும் எறியாமல் சூப்புக்கு வேகவைப்பார்கள். ஜூன் 24க்குப் பிறகு அறுவடையை நிறுத்திவிடுவார்கள். எஞ்சிய முளைகள் உயர்ந்து நுண்ணிய பசுந்தழையாகி, அடுத்த ஆண்டுக்கான உணவை மண்ணடி வேர்களில் சேர்க்கும்.’ முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் ஷ்பார்கல் என்று தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

– ஆசிரியை

*

அம்மையீர், நீங்கள் எழுதிய அதே பத்தியில் ‘எஞ்சிய முளைகள்’ என்றுதான் வந்திருக்கிறது; ‘எஞ்சிய குருத்துகள்’ என்று எழுத உங்கள் கை வரவில்லை. என் கலைச்சொல் பட்டியலில் ‘தண்ணீர்விட்டான் வெண்முளை’ அப்படியே இருக்கும். அடுத்த பதிப்புக்கு முன் இதை மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

– தஞ்சாவூர்

*

தலை ஊதாவானதை என்ன சொல்லுவது என்று எவரும் இன்னும் சொல்லவில்லை. இங்கே கடையில் அதற்குத் தனி விலை, தனிப் பெட்டி. அதையும் வெண்குருத்து என்றால் வாங்குகிறவர் சண்டைக்கு வருவார்.

– லிம்பர்க்